மீண்டும் சுற்றும் உறை



பல ஆண்டுகளுக்கு முன் புறநோயாளிகள் பிரிவில் ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வியோடு தொடங்குகிறேன். அவர் மடியில் இரண்டு வயதுக் குழந்தை. எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சத்தில் பிடித்து, மூளையின் நரம்பிழைகளைச் சுற்றி இந்நேரம் வந்திருக்க வேண்டிய உறை சரியாக வரவில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த உறை இனிமே வளருமா சார்?" என்றார். "பார்ப்போம்மா" என்றேன். வேறு சொல் என்னிடம் இல்லை.

அந்த "பார்ப்போம்" இன்றுவரை என்னை உறுத்துகிறது. உலகின் பல ஆய்வுக்கூடங்கள் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அவை எவ்வளவு தூரம் வந்திருக்கின்றன, எங்கே தடுக்கி விழுந்திருக்கின்றன என்று கூட்டாமல் குறைக்காமல் சொல்வதே இன்றைய என் வேலை. அந்தத் தாய்க்கு நான் பட்ட கடனாகவும் இதைக் கருதுகிறேன்.

வாழைமட்டையும் நரம்பிழையும்

நரம்பு செல்லிலிருந்து நீண்டு செல்லும் இழைக்கு ஆக்சான் என்று பெயர். பல ஆக்சான்களைச் சுற்றிக் கொழுப்பு மிகுந்த ஓர் உறை இருக்கிறது. 1854இல் ஜெர்மானிய நோய்க்கூறியல் அறிஞர் ருடால்ஃப் விர்கோ அதற்கு மையலின் என்று பெயரிட்டார். நீரை நீக்கி எடைபோட்டால் அதில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் கொழுப்பு. மூளையை அறுத்தால் ஒரு பகுதி வெண்மையாகத் தெரிவது இதனால்தான்.

அது எப்படி உண்டாகிறது என்பது நூறாண்டு காலம் புதிராக இருந்தது. 1954இல் பெட்டி பென் கெரன் என்ற அமெரிக்க ஆய்வாளர் கோழிக் கருவின் நரம்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து விடை சொன்னார். பக்கத்தில் நிற்கும் ஸ்வான் செல் தன் மேற்சவ்வையே தட்டையாக நீட்டி, ஆக்சானைச் சுற்றிச் சுற்றி வருகிறது. வாழைத்தண்டின் மேல் மட்டை அடுக்கடுக்காகப் பொதிந்திருக்குமே, அதை மனத்தில் கொள்ளுங்கள். கைகால் நரம்புகளில் ஒரு ஸ்வான் செல், ஓர் ஆக்சானின் ஒரு துண்டுக்கு மட்டும் உறை போடும். மூளையிலும் தண்டுவடத்திலும் இந்த வேலையைச் செய்வது ஆலிகோடெண்ட்ரோசைட் என்ற செல். 1921இல் அதை விவரித்தவர் ஸ்பெயின் நாட்டின் பியோ டெல் ரியோ ஒர்டேகா. அது பல கைகளை நீட்டி நாற்பது, ஐம்பது துண்டுகளுக்குக்கூட உறை போடும். அதனால் அந்த ஒரு செல் செத்தால் ஐம்பது இடங்கள் வெறுமையாகும்.

உறைகளுக்கு இடையே ரேன்வியர் கணு என்ற சிறு இடைவெளிகள் உண்டு. மின்துடிப்பு இழை நெடுக ஊர்ந்து போகாமல் கணுவுக்குக் கணு தாவிப் போகிறது. உறையில்லாத மெல்லிய இழையில் துடிப்பின் வேகம் விநாடிக்கு ஒரு மீட்டர் அளவில் இருக்கும், நாம் நடந்து போகும் வேகம். உறையுள்ள பருத்த இழையில் அது 120 மீட்டர் வரை எட்டும். உறையில்லாத ஊசிக் கணவாய் வேகத்துக்காக இழையையே பெரிதாக்கிக்கொண்டது. அதன் பேரிழை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் பருமன். நம் பார்வை நரம்பு ஒன்றில் சுமார் 10 லட்சம் இழைகள் உள்ளன. ஒவ்வொன்றும் கணவாயின் இழைபோல் பருத்திருந்தால் அந்த நரம்பு அரை மீட்டர் குறுக்களவாக, ஒரு பனைமரத்தின் அடிபோல் ஆகியிருக்கும். உறை இருப்பதால்தான் அது சில மில்லிமீட்டருக்குள் அடங்கி, நம் கண்ணுக்குப் பின்னால் இடம் பிடித்திருக்கிறது.

மின்கம்பியின் பிளாஸ்டிக் உறையோடு மையலினை ஒப்பிடுவது வழக்கம். நானும் வகுப்பில் அப்படிச் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. பிளாஸ்டிக் உறை கம்பிக்குச் சோறூட்டாது. ஆலிகோடெண்ட்ரோசைட் தான் சுற்றிய ஆக்சானுக்கு லாக்டேட் என்ற எரிபொருளைத் தருகிறது என்பதை 2012இல் வந்த ஆய்வுகள் காட்டின. உறை நீண்ட நாள் இல்லாமல்போனால் ஆக்சான் வேகம் குறைவதோடு நிற்பதில்லை. மெல்ல மெல்ல வாடிச் சாகிறது. செத்த ஆக்சான் திரும்ப வருவதில்லை. உறையைச் சரிசெய்வதில் நாம் அவசரப்படுவதன் காரணம் இதுதான்.

ஆள் இருக்கிறது, வேலை நிற்கிறது

1868இல் பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ழான் மார்ட்டின் ஷார்கோ ஒரு நோயை வரையறுத்துச் சொன்னார். நோயாளிகளின் மூளையிலும் தண்டுவடத்திலும் ஆங்காங்கே கடினமான திட்டுகள், அத்திட்டுகளில் உறை இல்லை. இன்று மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று அழைக்கிறோம். உடலின் எதிர்ப்பாற்றலே உறையைத் தாக்கும் நோய் அது. உலகில் ஏறத்தாழ 28 லட்சம் பேருக்கு அது இருப்பதாக 2020ஆம் ஆண்டின் கணக்கு சொல்கிறது. மூளையில் போன உறை போனதுதான் என்பதே நெடுங்காலம் மருத்துவ உலகின் நம்பிக்கை.

அதை உடைத்தது 1961ஆம் ஆண்டின் ஓர் ஆய்வு. கணவன் மனைவியான ரிச்சர்ட் பஞ்ச், மேரி பஞ்ச் இருவரும் ஹான்ஸ் ரிஸ் என்பவரோடு சேர்ந்து, வளர்ந்த பூனைகளின் தண்டுவடத்தில் உறை சிதைந்த இடங்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். சில வாரங்களில் வெறும் ஆக்சான்களின்மேல் புதிய உறை, மெல்லியதாக, ஆனால் உண்மையான உறை, சுற்றத் தொடங்கியிருந்தது.

புதிய உறையைச் சுற்றும் ஆள் யார்? 1983இல் மார்ட்டின் ராஃபும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் எலியின் பார்வை நரம்பில், ஆலிகோடெண்ட்ரோசைட்டாக மாறக்கூடிய முன்னோடிச் செல்களைக் கண்டார்கள். வளர்ந்த மூளையிலும் அவை பரவிக் கிடக்கின்றன. மூளைச் செல்களில் ஏறத்தாழ நூற்றில் ஐந்து இவைதான். எங்காவது உறை சிதைந்தால் அங்கே போகும், பெருகும், முதிரும், சுற்றும்.

அப்படியானால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிக்கு ஏன் ஆண்டுகள் போகப்போகக் கால் மரத்துப் போகிறது, பார்வை மங்குகிறது? 2002இல் புரூஸ் டிராப்பின் குழு, இறந்த நோயாளிகளின் மூளைத் திட்டுகளை ஆராய்ந்தது. பழைய திட்டுகள் பலவற்றில் உறை போட வேண்டிய செல்கள் இருந்தன. ஆக்சான்வரை கையை நீட்டித் தொட்டுக்கொண்டும் இருந்தன. ஆனால் சுற்றவில்லை.

அந்த ஆய்வின் படங்களைப் பார்த்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. களத்துமேட்டில் ஆள் வந்து நிற்கிறது, கையில் கருவியும் இருக்கிறது, வேலை மட்டும் தொடங்கவில்லை. இந்தத் துறையின் கேள்வியே அன்று மாறியது. வெளியிலிருந்து ஆளைக் கொண்டுவர வேண்டுமா என்பதோடு, நிற்கும் ஆளைத் தடுப்பது எது என்றும் கேட்க ஆரம்பித்தார்கள்.

தடைகள் ஒன்றிரண்டு அல்ல. சிதைந்த உறையின் குப்பை அள்ளப்படாமல் கிடந்தால் முன்னோடிச் செல் முதிர்வதில்லை. அழற்சி ஓயாவிட்டாலும் அப்படியே. எல்லாவற்றுக்கும் மேலாக முதுமை. 2012இல் ராபின் ஃபிராங்க்ளின், ஏமி வேகர்ஸ் குழுவினர் இளம் எலியின் இரத்த ஓட்டத்தையும் முதிய எலியின் இரத்த ஓட்டத்தையும் இணைத்துப் பார்த்தார்கள். முதிய எலியின் தண்டுவடத்தில் உறை வேகமாகத் திரும்பியது. இளம் எலியிலிருந்து வந்த துப்புரவுச் செல்கள் குப்பையை அள்ளியது அதற்கு ஒரு காரணம். சர்க்கரை நோய்க்கு நம் வீடுகளில் விழுங்கும் மெட்ஃபார்மின், முதிய எலிகளின் முன்னோடிச் செல்களுக்கு இளமையின் துடிப்பைத் திருப்பித் தந்ததாக 2019இல் ஃபிராங்க்ளின் குழு தெரிவித்தது. எலியில் நடந்தது மனிதரில் அதே அளவில் நடக்கும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. முதுமையின் தடை அசைக்க முடியாத பாறை இல்லை என்பதுவரை எடுத்துக்கொள்ளலாம்.

1.7 மில்லி விநாடி

மருந்து தேடிய கதைக்கு வருகிறேன். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் ஜோனா சான் குழுவினர் ஓர் எளிய உண்மையைப் பயன்படுத்தினார்கள். ஆலிகோடெண்ட்ரோசைட் உயிரற்ற மெல்லிய இழையைக்கூடச் சுற்றும். கண்ணாடித் தட்டில் கூம்பு வடிவ நுண்தூண்களை வரிசையாக நட்டு, செல்களை விட்டு, மருந்துகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். செல் தூணைச் சுற்றினால் மேலிருந்து பார்க்கும்போது ஒரு வளையம் தெரியும். வளையங்களை எண்ணினால் போதும். ஏறத்தாழ ஆயிரம் வேதிப்பொருள்களைச் சோதித்து 2014இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முன்னே வந்து நின்றவற்றுள் கிளெமாஸ்டின் ஒன்று. அலர்ஜிக்குக் கொடுக்கும் பழைய, மலிவான மாத்திரை.

அது மனிதரிடம் வேலை செய்கிறதா என்பதை எப்படி அறிவது? உயிரோடிருப்பவரின் மூளையை வெட்டிப் பார்க்க முடியாது. அதனால் கண்ணின் வழியே போனார்கள். திரையில் சதுரங்கக் கட்டங்கள் மாறி மாறி மின்ன, அந்தச் செய்தி விழித்திரையிலிருந்து பின்மூளைக்குப் போய்ச் சேரும் நேரத்தை அளப்பார்கள். இயல்பான மனிதருக்கு அது ஏறத்தாழ 100 மில்லி விநாடி. பார்வை நரம்பின் உறை சிதைந்தால் தாமதமாகும்.

ஆரி கிரீன் தலைமையில் 50 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பாதிக்கு முதலில் மருந்து, பிறகு வெற்று மாத்திரை, மறு பாதிக்கு வரிசை மாற்றி. 2017இல் முடிவு வந்தது. மருந்து எடுத்த காலத்தில் தாமதம் சராசரியாக 1.7 மில்லி விநாடி குறைந்தது. முதலில் மருந்து எடுத்தவர்களுக்கு அதை நிறுத்திய பிறகும் அந்தப் பலன் நின்றது. மருந்தின் தற்காலிக வேலை என்றால் நிறுத்தியதும் போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால் உள்ளே ஏதோ கட்டப்பட்டிருக்கிறது.

ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்து அதில் ஒன்றரைக்கும் சற்று மேல். நோயாளியின் பார்வையில் பெரிய மாற்றம் இல்லை. களைப்பு அதிகமானது. ஆனாலும் நான் இந்த எண்ணை வணங்குகிறேன். ஷார்கோ எழுதி 149 ஆண்டுகள் கழித்து, நாட்பட்ட நோயாளிகளிடத்திலும் உறை திரும்பக்கூடும் என்பதற்கு மருந்துச் சோதனை ஒன்றில் கிடைத்த முதல் சான்று அது.

அடுத்து வந்த சறுக்கல்களையும் சொல்ல வேண்டும். லிங்கோ-1 என்ற தடைப் புரதத்தை மறிக்கும் ஒபிசினுமாப் என்ற மருந்தின்மேல் பெரும் நம்பிக்கை இருந்தது. 2020இல் நடுத்தரக் கட்டச் சோதனையில் தோற்று அது கைவிடப்பட்டது. கேம்பிரிட்ஜில் சோதித்த பெக்ஸரோட்டின் சில அளவீடுகளில் நன்மை காட்டினாலும், பக்கவிளைவுகள் தாங்கக்கூடியவையாக இல்லை. கிளெமாஸ்டினே, நோய் ஓயாமல் முற்றிக்கொண்டே போகும் வகையினரிடம் சோதிக்கப்பட்டபோது சிலருக்கு ஊனம் வேகமாகக் கூடியதால் அந்தப் பிரிவு நிறுத்தப்பட்டது. ஒருவருக்கு உறை வளர்க்கும் மாத்திரை இன்னொருவருக்குத் தீங்காகலாம். மருந்துக்கடையில் கிடைக்கிறதே என்று தாமாக வாங்கி விழுங்க நினைப்பவர்கள் இந்த ஒரு வரியையாவது வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். தாக்குதலை அடக்கும் மருந்துகள் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கு இன்று இருபதுக்கு மேல் உள்ளன. போன உறையைத் திருப்பித் தருவதற்கென்று அனுமதி பெற்ற மருந்து இன்னும் ஒன்றுகூட இல்லை.

கட்டி முடிக்காத வீடு

பெரியவர்களிடம் நாம் பார்ப்பது இடிந்த வீட்டைப் பழுதுபார்க்கும் வேலை. குழந்தைகளிடம் வீடே பாதியில் நிற்கிறது. பிறக்கும்போது மனித மூளையின் பெரும்பகுதிக்கு உறை கிடையாது. முதல் இரண்டாண்டுகளில் அது வேகமாகப் பரவுகிறது. திட்டமிடலுக்கும் தன்னடக்கத்துக்கும் உரிய முன்மூளையில் இருபது வயதைத் தாண்டியும் தொடர்கிறது.

கருவில் 23 முதல் 32 வாரங்கள்வரை, உறை போடப்போகும் செல்கள் முதிராத நிலையில், மிக எளிதில் பாதிக்கப்படுபவையாக இருக்கின்றன. அந்த நாள்களில் பிறந்துவிடும் குழந்தைக்கு இரத்த ஓட்டமோ பிராணவாயுவோ குறைந்தால் முதலில் அடிபடுவது இவைதான். பிறகு வரும் மூளை முடக்குவாதத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம். வியப்பு என்னவென்றால், செத்த செல்களுக்கு ஈடாகப் புதிய செல்கள் பிறக்கின்றன, ஆனால் முதிராமல் நின்றுவிடுகின்றன. முதிய நோயாளியின் மூளைத் திட்டில் கண்ட அதே காட்சி. 2020இல் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. உலகில் இதுவே மிகப் பெரிய எண்ணிக்கை. இந்த ஆய்வு நமக்கு அயலார் விவகாரம் ஆகாது.

மரபணுவால் உறை கெடும் நோய்களும் உண்டு. பெலிசியஸ் மெர்ஸ்பேக்கர் நோயில், உறையின் முக்கியப் புரதம் ஒன்றுக்கான மரபணு பலருக்கு இரட்டித்திருக்கும். வேண்டிய புரதமே அளவு மிஞ்சினால் செல்லைக் கொல்கிறது. 2020இல் கிளீவ்லாந்தில் பால் டெசரின் குழு, இந்நோயை ஒத்த எலிகளில் அந்தப் புரதத்தை அடக்கும் மருந்தைச் செலுத்தியது. மூன்று வாரத்தில் சாக வேண்டிய எலிகள் எட்டு மாதம் வாழ்ந்தன.

மெட்டாகுரோமேட்டிக் லியூகோடிஸ்ட்ரோஃபி என்ற நோய்க்கு மரபணு மருத்துவமே வந்துவிட்டது. ஐரோப்பாவில் 2020இலும் அமெரிக்காவில் 2024இலும் அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் அதன் விலை 42.5 லட்சம் டாலர். அறிகுறி தோன்றும் முன் கொடுத்தால் குழந்தை நடக்கிறது, பேசுகிறது. நோய் வேகமெடுத்த பிறகு கொடுத்தால் பெரிதாகப் பயனில்லை. மூத்த பிள்ளையைப் பறிகொடுத்ததால் நோய் தெரியவந்து, இளைய பிள்ளை காப்பாற்றப்பட்ட குடும்பங்கள் உலகில் உண்டு. அந்த வீடுகளின் மகிழ்ச்சியும் துயரமும் ஒரே தொட்டிலில் கிடக்கின்றன.

உறை நோயாக நாம் எண்ணாத கோளாறுகளிலும் உறை குறுக்கிடுகிறது. வில்லியம்ஸ் நோய்க்குறி என்ற மூளை வளர்ச்சிக் கோளாறில் விடுபடும் ஒரு மரபணுவை எலியின் முன்மூளை நரம்பு செல்களில் மட்டும் நீக்கினார்கள் போவாஸ் பராக், குவோபிங் ஃபெங் குழுவினர். பழுது நரம்பு செல்லில், மெலிந்தது உறை. 2019இல் வந்த இந்த ஆய்வில் கிளெமாஸ்டின் கொடுத்தபோது எலிகளின் நடத்தை சீரானது. ஆட்டிசத்தின் கூறுகளோடு வரும் பிட் ஹாப்கின்ஸ் நோய்க்குறியிலும் இதே போக்கை பால்டிமோரில் பிராடி மாஹர் குழு எலிகளில் கண்டது. 2023இல், உறையை ஊக்கும் மருந்துகள் அந்த எலிகளுக்கு உதவியதாகவும் எழுதினார்கள். மூளை வளர்ச்சிக் கோளாறு என்றால் பிறப்போடு முடிந்துபோன விதி என்று எண்ணி வந்தோம். அதன் ஒரு பகுதியையாவது பிறந்த பிறகு திருத்தலாம் என்ற வாசலை இந்த ஆய்வுகள் திறந்திருக்கின்றன. எலி, எலிதான். ஆட்டிசத்துக்கு உறை மருந்து வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நரம்பு செல்லின் செயலே உறையை அழைக்கிறது என்பதும் தெரிந்திருக்கிறது. 2014இல் மிஷெல் மோஞ்சியின் குழு, எலி மூளையில் நரம்பு செல்களை ஒளியால் இயக்கியபோது அங்கே உறை தடித்தது. தாய்ப்பால் மறந்த கையோடு தனிமையில் அடைக்கப்பட்ட எலிக்குஞ்சுகளின் முன்மூளையில் உறை மெலிந்ததையும், பிறகு கூட்டத்தோடு விட்டும் அது சரியாகாததையும் 2012இல் வேறொரு குழு காட்டியிருந்தது. விளையாட்டும் பேச்சும் மடியின் சூடும் மூளைக்குள் கட்டுமான வேலையாக நடக்கின்றன என்று எண்ண இது இடம் தருகிறது.

இன்றே செய்யக்கூடியவை

எதிர்கால மருந்துகளைப் பற்றிப் பேசிவிட்டு, கையிலிருக்கும் மருந்துகளைச் சொல்லாமல் போனால் நான் கடமை தவறியவன். வைட்டமின் பி12 இல்லாமல் உறை நிலைக்காது. பால், முட்டை, மீன், இறைச்சி தவிர வேறு உணவில் அது அனேகமாக இல்லை. சைவ உணவு உண்ணும் தாய்க்கு அது குறைந்து, தாய்ப்பாலை மட்டுமே நம்பியிருக்கும் குழந்தை வெளிறி, முகம் மலராமல், கற்றதை மறந்து, கைகால் நடுங்கி வருவதை நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். காலத்தில் ஊசி போட்டால் சில நாள்களிலேயே அந்த முகத்தில் சிரிப்பு திரும்பும். தைராய்டு ஹார்மோனும் உறைக்கு இன்றியமையாதது. பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு இரத்தம் அந்தக் குறையைக் காட்டிவிடும். முதல் இரண்டு வாரங்களுக்குள் மாத்திரை தொடங்கினால் அறிவு வளர்ச்சி காக்கப்படும். கோடிகள் தேவையில்லை. ஒவ்வொரு பிரசவ அறையிலும் அந்த ஒரு சொட்டை மறக்காமல் எடுக்கும் ஒழுங்கு மட்டும் போதும்.

இன்னொன்று. ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஆட்டிசமும் மூளை முடக்குவாதமும் குணமாகும் என்று விளம்பரம் செய்கிறார்கள். நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய பெற்றோரை நான் சந்தித்திருக்கிறேன். 2017ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டு நெறிகள், முறையான ஆய்வுச் சோதனைக்கு வெளியே இத்தகைய ஊசியைச் சிகிச்சையாக ஏற்கவில்லை. முறையான சோதனையில் நோயாளியிடம் பணம் வாங்கமாட்டார்கள். இந்த ஓர் அடையாளத்தை நினைவில் வையுங்கள்.

பெற்றோரின் கேள்வியை எளிதாக எண்ணிவிடக் கூடாது. உறையைச் சிதைக்கும் அட்ரினோலியூகோடிஸ்ட்ரோஃபி நோயால் தன் மகன் லோரென்சோ முடங்கியபோது, உலக வங்கியில் பணியாற்றிய பொருளாதாரவாதி அகஸ்டோ ஓடோன் மருத்துவ நூல்களைத் தாமே படித்தார். 1989இல் உறைச் சீரமைப்பு ஆய்வுக்கென்றே மையலின் புராஜெக்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார். போன உறையை மகனுக்குத் திருப்பித் தர அவரால் முடியவில்லை. ஆனால் அவர் கேட்டதும் அந்தத் தாய் என்னிடம் கேட்டதும் ஒரே கேள்விதான்.

அந்தத் தாய் இன்று என் முன் வந்து அமர்ந்தால், "பார்ப்போம்" என்று சொல்லமாட்டேன். "வளரும் தன்மை அதற்கு உண்டு அம்மா. வளர்க்க வேண்டிய செல் உங்கள் குழந்தையின் மூளையிலேயே இருக்கக்கூடும். எது தடுக்கிறது என்று முதலில் பார்க்கிறேன். இரத்தத்தில் பி12, தைராய்டு இரண்டையும் இன்றே சோதிப்போம். மரபணுச் சோதனைக்கு வழி செய்வோம். தடை எதுவென்று தெரிந்தால் அதற்கு இன்று மருந்து உண்டா, சோதனை நடக்கிறதா என்று சொல்கிறேன். இல்லையென்றால் இல்லை என்பதையும் நானே சொல்கிறேன். அதுவரை குழந்தையோடு பேசுங்கள், விளையாடுங்கள். அடுத்த வாரம் வாருங்கள்" என்பேன்.

மாணவச் செல்வங்களே, இதைவிட நல்ல பதிலை அடுத்த தாய்க்குச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.